லேகி அக்காவின் மூன்று ‘வேண்டாம்’

லேகி யாங்சோமிடம் யாராவது எதையாவது நீட்டினால் அவளுடைய வலது கை தானாக வாய்க்குப் போய்விடும். வாயைப் பொத்திக்கொண்டு, தலையைப் பின்னால் இழுத்து, “வேண்டாம், வேண்டாம்” என்பாள். பசியில் கண் இருட்டிக்கொண்டு வந்தாலும் சரி. எங்கள் பூட்டானில் இதற்கு ‘மேஷு மேஷு’ என்று பெயர். நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர்கள் முதல் தடவை கேட்டதும் எதையும் வாங்க மாட்டார்கள். இரண்டாவது தடவையும் மாட்டார்கள். மூன்றாவது தடவை, கொடுப்பவர் கோபித்துக்கொள்ளும் கட்டத்துக்கு வந்த பிறகு, “இவ்வளவு சொல்றீங்களே, சரி, ஒரு துளி” என்று கிண்ணத்தை நீட்டுவார்கள். அந்த ஒரு துளி கிண்ணம் வழிய இருக்க வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நாங்கள் எல்லோருமே கொஞ்சம் இப்படித்தான். ஆனால் லேகி அக்கா இதில் ஊறிப்போனவள். பும்தாங்கில் அரசாங்க விருந்தினர் மாளிகையைப் பதினாறு வருடம் கட்டி ஆண்டவள். அங்கே தங்கிய எந்த அதிகாரியும் அரை வயிற்றோடு வண்டி ஏறியதில்லை என்பதைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சொல்லிக் காட்டுவாள். மறுக்கிறவர்களைச் சாப்பிட வைப்பதுதான் அவளுடைய தொழில், திறமை, அகம்பாவம் எல்லாம். அந்த அகம்பாவத்தையும் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக்கொண்டு, முப்பத்தெட்டு வயதில் மாணவி விசாவில் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு வந்து இறங்கினாள். கூடவே கணவர் கெல்சாங் வந்தார். ஒன்பது வயது மகள் செல்தோனை மட்டும் திம்புவில் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

நான் சிங்யே. ஊரில் சாலைத் துறையில் நில அளவை செய்துகொண்டிருந்தவன். மலையை அளந்துகொண்டிருந்த நான் இங்கே முதியோர் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்து, மெத்தை விரிப்பின் மூலையைச் சுருக்கமில்லாமல் மடிப்பது எப்படி என்று கற்றுக்கொண்டிருந்தேன். பெர்த்தின் கேனிங்டன் பகுதியில் நாங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் குடியிருந்தோம். அக்காவுக்கும் எனக்கும் ஒரே வகுப்பு, ஒரே பேருந்து. அதனால் நடந்தது முழுவதையும் கூட இருந்து பார்த்தவன் நான்தான். அக்காவைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள். நம்பாதீர்கள்.

எங்களுக்கு வகுப்பெடுத்தவர் கார்மெல் என்ற அம்மாள். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். ஒருநாள் எங்களை இரண்டிரண்டு பேராக உட்கார வைத்து, ஒருவர் கண்ணைக் கட்டி இன்னொருவர் ஸ்ட்ராபெர்ரித் தயிரை ஊட்டிவிடச் சொன்னார். பிறர் கையால் சாப்பிடுவது எப்படி இருக்கும் என்று நாங்கள் உணர வேண்டுமாம். நான் அக்காவுக்கு ஊட்டினேன். கரண்டியின் வாசனை பட்டதும் கை வாய்க்குப் போய்விட்டது.

“ஐயையோ, எனக்கு வேண்டாம். நீ சாப்பிடு தம்பி.”

“அக்கா, இது பாடம்! வாயைத் திற!”

“இல்லப்பா, நீ காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல.”

கார்மெல் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். தன் தாளில் ‘உணவை மறுத்தார்’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். வகுப்பே சிரித்தது. மூன்றாவது தடவை நான் அதட்டிய பிறகுதான் அக்கா வாயைத் திறந்தாள். பிறகு தயிர் டப்பாவை முழுதாகக் காலி செய்தாள்.

அதே வாரம் எழுத்துத் தேர்வு. ‘பராமரிப்பில் இருப்பவர் ஓர் உதவியை மறுத்தால் என்ன செய்வீர்கள்?’ என்று ஒரு கேள்வி. மறுப்பது அவர் உரிமை, அதை மதிக்க வேண்டும், கட்டாயப்படுத்தக் கூடாது, குறித்து வைத்து நர்ஸிடம் தெரிவிக்க வேண்டும் என்று அக்கா ஒரு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கினாள். எனக்கு அதில் பாதிதான் கிடைத்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவளுக்குப் பாடம் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

படிப்பின் கடைசிக் கட்டம், ஒரு முதியோர் இல்லத்தில் நூற்றிருபது மணி நேரப் பயிற்சி. அங்கே இருக்கும் பொறுப்பு நர்ஸ் பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ். எங்கள் நான்கு பேரை ஆற்றங்கரைப் பக்கம் ஓர் இல்லத்துக்கு அனுப்பினார்கள். பயிற்சிக்கு வருகிறவர்களில் ஒருவரை அவர்களே வேலைக்கு எடுத்துக்கொள்வது வழக்கம். எடுத்தால் விசாவுக்கும் எழுதிக் கொடுப்பார்கள். அக்காவின் விசா முடிய இரண்டே மாதம் இருந்தது. இந்த வேலை கிடைத்தால் மகளை அழைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால், மாளிகை வேலையையும் விட்டு, பெண்ணைப் பிரிந்திருந்த ஒன்றரை வருடத்தையும் தொலைத்து, வெறுங்கையோடு விமானம் ஏற வேண்டும். நான்கு பேரில் எனக்கும் அந்த வேலை மேல் கண் இருந்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

முதல் மூன்று நாள் நன்றாகவே போயிற்று. நான்காவது நாள் மதியச் சாப்பாட்டில் வந்தது வினை.

மெர்ல் என்று ஒரு பாட்டியம்மாள். வயது எண்பத்தெட்டு. கோதுமைப் பண்ணையில் டிராக்டர் ஓட்டியே முதுகு வளைந்தவர். அவருடைய கிண்ணத்தில் கஸ்டர்ட் மிச்சமிருந்தது. அக்கா கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். “போதும் கண்ணு” என்றார் மெர்ல். அக்கா சிரித்தாள். இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். “வேண்டாம்மா” என்றார். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கரண்டியை எடுத்தாள். “ஒரே ஒரு வாய், எனக்காக, லா” என்றாள். லா என்பது எங்களுக்கு ‘ங்க’ மாதிரி. பெரியவர்களிடம் பேசும்போது ஆங்கிலத்திலும் வந்து ஒட்டிக்கொள்ளும்.

மெர்ல் தன் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்காவின் முகத்தை அப்போது நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பூரித்துப் போய்விட்டாள். அந்நிய தேசத்தில், வந்ததிலிருந்து ஒருத்தராவது இப்படி மரியாதை தெரிந்தவராக அவள் கண்ணில் பட்டதில்லை. முதல் மறுப்பு, இரண்டாவது மறுப்பு, மூன்றாவதற்கு வாயைப் பொத்துதல். எல்லாம் முறைப்படி. அவள் மெர்லின் கையை மெதுவாக, அன்பாக எடுத்து மடியில் வைத்துவிட்டு, கரண்டியை உள்ளே விட்டாள். மெர்ல் திகைத்துப்போய் விழுங்கினார். நான்கு கரண்டி. நான் அடுத்த மேசையில்தான் இருந்தேன். எனக்கும் ஒரு தப்பும் தோன்றவில்லை.

பேருந்தில் வரும்போது வழியெல்லாம் அதே பேச்சு. “அந்த மெர்ல் அம்மா நல்ல குடும்பத்துப் பொம்பள, சிங்யே. பாத்தியா, எப்படிக் கையை வெச்சாங்க! அப்படியே எங்க அத்தை மாதிரி.”

மறுநாள் காலை ஏழேகால் மணிக்கு ருவிம்போ சிஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் மருந்து அறைக்குக் கூப்பிட்டார். ருவிம்போதான் அந்தப் பிரிவின் பொறுப்பு நர்ஸ். ஜிம்பாப்வேக்காரர், நல்ல உயரம், சத்தம் போடவே மாட்டார். சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று அன்றைக்கு நினைத்தேன்.

“மெர்ல் புகார் குடுத்திருக்காங்க. வேண்டாம்னு மூணு தடவை சொன்னேன், என் கையைப் பிடிச்சு எடுத்துட்டு வாயில திணிச்சுட்டாள்னு. உண்மையா?”

அக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

“அவங்களுக்கு விழுங்குறதுல சிரமம் இருந்து, புரை ஏறியிருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? அதை விடு. எண்பத்தெட்டு வயசுல அந்த மனுஷிக்கு மிச்சமிருக்கிற அதிகாரமே வேண்டாம்னு சொல்றது ஒண்ணுதான். அதையும் நீ கையைப் பிடிச்சு எடுத்துட்டே.”

“சிஸ்டர், லா... எங்க ஊர்ல...” என்று நான் குறுக்கே புகுந்தேன்.

“உன்னைக் கேக்கலை. நீ பக்கத்துல இருந்து பாத்துட்டுச் சும்மா இருந்தே. உனக்குத் தனியா இருக்கு.”

அக்காதான் திக்கித் திக்கி எங்கள் வழக்கத்தைச் சொன்னாள். ருவிம்போ பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்து, “புரியுது. ஆனா மெர்ல் உங்க ஊர்ல இல்லையே” என்றார். புத்தகத்தில் நடந்ததை எழுதினார். “இன்னும் பதினோரு நாள் இருக்கு. இதே மாதிரி இன்னொண்ணு நடந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

அன்று சாயங்காலம் அக்கா சமைக்கவில்லை. மிளகாயும் பாலாடைக்கட்டியும் போட்டு நான் ஏதோ கிளறி வைத்தேன். அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டு, “நான் கஷ்டப்படுத்தியிருக்கேன், சிங்யே. அன்பா செய்றேன்னு நெனச்சுட்டு ஒரு வயசான மனுஷியைக் கஷ்டப்படுத்தியிருக்கேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். தேர்வில் அவ்வளவு நன்றாக எழுதினாயே என்று கேட்டேன். “அது குளியல், மாத்திரை மாதிரிப் பெரிய விஷயத்துக்குன்னு நெனச்சேன்டா. கஸ்டர்டுக்குமா?” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்குக் கெல்சாங் அண்ணன் என்னை முறைத்தார்.

அதற்குப் பிறகு அக்கா நேர் எதிராகத் திரும்பிவிட்டாள். யாராவது ‘வே’ என்று ஆரம்பித்தாலே போதும், “சரிங்க லா” என்று ஓடிவிடுவாள். குறிப்பேட்டில் இப்படி எழுதி வைப்பாள்: காலைத் தேநீர், மறுத்தார். குளியல், மறுத்தார். சட்டை மாற்றுதல், மறுத்தார். நடைப்பயிற்சி, மறுத்தார். டெஸ் என்று ஒரு தாத்தா, எதைக் கேட்டாலும் “எனக்கு ஒண்ணும் வேண்டாம், நீ போய் வேலையப் பாரும்மா” என்பவர். அவர் இரண்டு நாள் ஒரே சட்டையில் இருந்தார். மூன்றாவது நாள் ருவிம்போ குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு அக்காவைப் பார்த்தார்.

“இங்க என்ன உண்ணாவிரதப் போராட்டமா நடக்குது?”

“அவங்க வேண்டாம்னாங்க, லா.”

“எத்தனை தடவை கேட்டே?”

“ஒரு தடவை. அதுக்கு மேல கேக்க பயமா இருக்கு.”

ருவிம்போ நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. “இங்க பாரும்மா. வேண்டாம்னா உடனே விட்டுடு. கையைத் தொடாதே, கெஞ்சாதே. ஆனா கால் மணி நேரம் கழிச்சுத் திரும்பிப் போ. வேற மாதிரி கேளு. குளிக்கிறீங்களான்னு கேக்காதே. இப்பக் குளிக்கிறீங்களா, சாப்பிட்டப்புறம் குளிக்கிறீங்களான்னு கேளு. அதுக்கும் வேண்டாம்னா எழுதிட்டு எங்கிட்ட வந்து சொல்லு. அவ்வளவுதான்.”

அக்கா இதை வீட்டில் ஒத்திகை பார்க்க ஆரம்பித்தாள். மாட்டிக்கொண்டவர் கெல்சாங் அண்ணன். கார் கழுவும் இடத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு மனிதர் களைத்துப்போய் வருவார். “டீ வேணுமா?” என்பாள் அக்கா. அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே. “வேண்டாம், வேண்டாம்” என்பார். “சரிங்க” என்று இவள் கெட்டிலை அணைத்துவிட்டுப் போய்விடுவாள். அண்ணன் திறந்த வாய் திறந்தபடி இருப்பார். கால் மணி நேரம் கழித்துத்தான் மறுபடி வருவாள். முதல் இரண்டு நாள் அவர் அப்போதும் பழக்கதோஷத்தில் வேண்டாம் என்று சொல்லித் தொலைத்து, டீயே குடிக்காமல் தூங்கினார். மூன்றாவது நாள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, “டீ வேணும்! டீ வேணும்!” என்று கத்திக்கொண்டு நுழைந்தார். கல்யாணமாகிப் பதிமூன்று வருடத்தில் தன் புருஷன் எதையாவது வேண்டும் என்று கேட்டது அன்றைக்குத்தான் என்று அக்கா சொன்னாள்.

மெர்லின் பக்கம் அக்கா போகவில்லை. ஊட்ட அவளை விடக் கூடாது என்று மெர்லே சொல்லியிருந்தார். ஆனால் பத்தாவது நாள் டீ வண்டி அக்கா பொறுப்பில் வந்தது. வரிசையில் ஐந்தாவது அறை மெர்லுடையது. வாசலிலேயே நின்றாள். நான் பின்னால் துண்டுகள் அடுக்கிய வண்டியோடு நின்றேன்.

“மெர்ல், லா. அன்னைக்கு உங்க கையை நான் எடுத்தது தப்பு. மன்னிச்சுடுங்க.”

மெர்ல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“டீ குடிக்கிறீங்களா?”

“வேண்டாம்.”

“சரிங்க” என்று அக்கா வண்டியைத் திருப்பினாள்.

“ஏய், நில்லு. அவ்வளவுதானா?”

“நீங்கதானே வேண்டாம்னீங்க, லா.”

மெர்ல் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். “காலைலேர்ந்து தாகத்துல செத்துக்கிட்டிருக்கேன், கண்ணு. நீ போறியா இல்லியான்னு பாக்கத்தான் சொன்னேன். ஊத்து. சர்க்கரை ரெண்டு. பால் நான் போதும்னு சொல்ற வரைக்கும்.”

அக்கா பாலை ஊற்றினாள். “போதும்” என்றதும் சட்டென்று நிறுத்தினாள். பால் ஜாடி அப்படியே காற்றில் நின்றது. மெர்லுக்கு மறுபடி சிரிப்பு தாங்கவில்லை. அன்றிலிருந்து டீ வண்டி வந்தால், “அந்தப் பூட்டான் பொண்ணு வரட்டும்” என்று காத்திருக்க ஆரம்பித்தார்.

பதினைந்தாவது நாள் கார்மெல் வந்து எங்கள் வேலையைப் பார்த்தார். அக்கா டெஸ் தாத்தாவை எழுப்பி, நீலச் சட்டையா, கட்டம் போட்டதா என்று கேட்டு, அவர் ஒன்றும் வேண்டாம் என்றதும் விட்டுவிட்டு, கால் மணி நேரம் கழித்து இரண்டு சட்டையையும் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அவர் கட்டம் போட்டதைக் காட்டினார். கார்மெல் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். மதியம் மூன்று மணிக்கு ருவிம்போ நான்கு பேர் புத்தகத்திலும் கையெழுத்துப் போட்டார். அக்காவின் புத்தகத்தில் பழைய குறிப்புக்குக் கீழே இரண்டு வரி கூட எழுதினார். என்ன எழுதினார் என்று பார்க்காமலே அக்கா புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். நான்தான் வாங்கிப் படித்தேன். ‘தவறைத் திருத்திக்கொண்டார். இவரிடம் என் அம்மாவை ஒப்படைப்பேன்.’ அக்கா சுவரில் சாய்ந்துகொண்டு நீளமாக மூச்சு விட்டாள். எனக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

பையை எடுத்துக்கொண்டு நடைபாதையில் வந்துகொண்டிருந்தோம். ருவிம்போ எதிரே வந்தார். “லேகி, ஒரு நிமிஷம். ஒரு இடம் காலி இருக்கு. நிரந்தர வேலை. இந்தக் குழுவுல உன்னைத்தான் முதல்ல கேக்கணும்னு வெச்சிருந்தேன். சேர்ந்துக்கிறியா?”

அக்காவின் வலது கை வாய்க்குப் போயிற்று.

“ஐயோ, வேண்டாம், லா. நான் எங்க... வேண்டாம், வேண்டாம்.”

ருவிம்போ ஒரு கணம் அவளைப் பார்த்தார். இரண்டு வாரமாக வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று எங்களுக்கு உரு ஏற்றியவர். “சரிம்மா. உன் விருப்பம். வற்புறுத்த மாட்டேன்” என்று சொல்லி, அக்காவின் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

நானும் ஒரு முட்டாள். அவர் திரும்பி வந்து இரண்டாவது தடவை கேட்பார் என்று அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அவருடைய ஷூ சத்தம் மூலை திரும்பி மறைந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. உறைத்த அடுத்த கணம் இன்னொரு எண்ணமும் வந்தது. அக்கா வேண்டாம் என்றுவிட்டாள். அடுத்து யாரைக் கேட்பார்கள்? என்னைக் கேட்கலாம். கேட்டால் நான் சரி என்று சொல்லலாம். இப்படி நினைத்ததற்கு இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பேருந்து நிறுத்தத்தில் அக்கா காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“கேட்டாங்க பாத்தியா, சிங்யே? முதல்ல என்னைத்தான் கேட்டாங்க. செல்தோன்கிட்ட இன்னைக்கே சொல்லிடலாமா, இல்ல ரெண்டாவது தடவை கேட்டப்புறம் சொல்லலாமா?”

தூரத்தில் பேருந்து தெரிந்தது. ஏறிவிட்டால் முடிந்தது. பயிற்சி முடிந்துவிட்டது, நாளைக்கு நாங்கள் இங்கே வரப்போவதில்லை. நான் சும்மா இருந்தால் போதும், ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பேருந்து வந்து நின்று கதவு திறந்தது. அக்கா எழுந்தாள். நான் அவள் பையின் வாரைப் பிடித்து இழுத்தேன்.

“அக்கா, அவங்க திரும்பக் கேக்க மாட்டாங்க.”

“ஏன் கேக்க மாட்டாங்க? நாளைக்கோ, திங்கக்கிழமையோ...”

“அக்கா! நீ மெர்லுக்குச் செஞ்சது தப்புன்னு யார் சொன்னா? இந்த சிஸ்டர்தானே? இப்ப நீ வேண்டாம்னே. அவங்க அதை வேண்டாம்னே எடுத்துக்கிட்டாங்க. அவ்வளவுதான். முடிஞ்சுபோச்சு! நீ வேலையை வேண்டாம்னு சொல்லிட்டு வந்து உக்காந்திருக்கே!”

ஓட்டுநர் எங்களைப் பார்த்தார், கதவை மூடிக்கொண்டு போய்விட்டார். அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. ஐந்து நொடி நின்றிருப்பாள். பிறகு ஓடினாள். விருந்தினர் மாளிகையின் மாடிப்படி தவிர வேறெதிலும் வேகமாக நடந்திராத பெண், பையைத் தெருவிலேயே போட்டுவிட்டு ஓடினாள். பையைப் பொறுக்கிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன்.

மாலை ஷிஃப்ட்காரர்கள் பணியாளர் அறையில் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ருவிம்போ அவர்களுக்கு ஒவ்வொருவர் நிலவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா கதவில் மூச்சு வாங்க நின்றாள்.

“என்னம்மா? எதையாவது மறந்து வெச்சுட்டுப் போயிட்டியா?”

“ஆமா, லா. வேலையை.”

“நீதானே வேண்டாம்னே?”

“அது முதல் வேண்டாம்.”

ருவிம்போ பேனாவைக் கீழே வைத்தார். “முதலா? மொத்தம் எத்தனை இருக்கு?”

“மூணு.”

அறையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். ருவிம்போ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “மாத்திரை வண்டிக்கு நேரமாச்சு. மிச்ச ரெண்டையும் சட்டுபுட்டுனு சொல்லி முடி. நான் மூணாவது தடவை கேட்டுட்டுப் போறேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அவளுடைய வலது கை மேலே கிளம்பியது. பாதி வழியில் இடது கையால் அதைப் பிடித்து இறுக்கிக்கொண்டாள்.

“எனக்கு இந்த வேலை வேணும்” என்றாள். ‘லா’கூடப் போடவில்லை. அவள் காதெல்லாம் சிவந்துபோயிருந்தது. இத்தனை பேர் முன்னால், தானாக வந்து, ஒன்றை வேண்டும் என்று கேட்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய வெட்கம் என்பது அந்த அறையில் இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும். எனக்கே கூசியது. கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது.

“திங்கக்கிழமை காலைல ஏழு மணி. லேட்டா வராதே” என்று சொல்லிவிட்டு ருவிம்போ மாத்திரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். எனக்கு அடுத்த மாதம் வேறோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. கேட்டதும் சரி என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஆறு மணி. திம்புவில் நான்கு, செல்தோன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருப்பாள். கெல்சாங் அண்ணன் விஷயம் கேட்டுக் குதித்துக்கொண்டிருந்தார். ஆனால் அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணை அழுத்தாமல் உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன்.

“ஒன்றரை வருஷமாச்சு. அங்க அவளுக்குப் பள்ளிக்கூடம், தோழிங்க எல்லாம் இருக்கு. என் தங்கச்சியத்தான் இப்ப அம்மா மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கா. வர்றியான்னு கேட்டு, வேண்டாம்னுட்டா? அது சும்மா சொல்ற வேண்டாமா, நெஜ வேண்டாமான்னு எனக்கு எப்படித் தெரியும்? நெஜமா இருந்தா திரும்பத் திரும்பக் கேக்கவும் கூடாதே, சிங்யே.”

அண்ணன்தான் போனை வாங்கி எண்ணை அழுத்தி அவளிடமே திருப்பிக் கொடுத்தார். இரண்டாவது தடவை மணி அடித்ததுமே செல்தோன் எடுத்தாள். அக்கா நலம்கூட விசாரிக்கவில்லை.

“செல்தோன், இங்க வர்றியா? அம்மாகூட இருக்க?”

“வர்றேன்! எப்போ?”

அக்கா போனை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தாள். கண்ணீர் தாடையில் வந்து சொட்டிக்கொண்டிருந்தது.

“பாத்தீங்களா? ஒரே தடவைதான் கேட்டேன். உடனே வர்றேங்கிறா! கொஞ்சமாவது வேண்டாம்னு சொல்றாளா பாருங்க. என் தங்கச்சி இவளை என்ன லட்சணத்துல வளர்த்து வெச்சிருக்கா!” என்று திட்டிக்கொண்டே அழுதாள். அவள் மார்போடு அழுத்தியிருந்த போனுக்குள்ளிருந்து மகள், “அம்மா, எப்போன்னு கேட்டேன்ல? எப்போ?” என்று கத்திக்கொண்டே இருந்தாள்.